இந்தப் பயனர் எந்தக் குழுவில் இருக்கிறார்? லினக்ஸிடம் கேட்கும் முறை

லினக்ஸில் குழு என்பது, கோப்புகள் போன்றவற்றின் மேல் ஒரே உரிமையைக் கொடுப்பதற்காகப் பயனர்களைச் சேர்த்து வைப்பது. ஒரு பயனர் எந்தெந்தக் குழுவில் இருக்கிறார் என்று கண்டுபிடிக்கச் சொன்னால், நான் பார்த்த நிரல்களில் பெரும்பாலானவை ஒரே வேலையைத்தான் செய்கின்றன. ஈடிசி அடைவுக்குள் இருக்கும் குரூப் கோப்பைத் திறக்கின்றன, வரி வரியாகப் படிக்கின்றன, கோலன் வரும் இடங்களில் உடைக்கின்றன, கடைசித் துண்டில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று தேடுகின்றன. எழுதியவரின் மடிக்கணினியில் இது நன்றாகவே ஓடும். பல வருஷம் ஓடும். அப்புறம் ஒரு நாள் வேறொரு அலுவலகத்தின் சர்வரில் ஏற்றும்போது பாதிப் பேருக்கு அனுமதி இல்லை என்று வரும், ஏன் என்று யாருக்கும் புரியாது.

கேள்வி ஒன்று போலத் தெரிந்தாலும் அதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. ஒரு பெயரைக் கொடுத்தால் அந்தப் பெயருக்குப் பதிவேடுகளில் என்னென்ன குழுக்கள் எழுதப்பட்டிருக்கின்றன என்பது ஒன்று. இந்த நிமிஷம் ஓடிக்கொண்டிருக்கும் இந்த நிரல் எந்தக் குழுக்களின் உரிமையோடு ஓடுகிறது என்பது இன்னொன்று. ஒரு கோப்பின் மேல் 20 என்று குழு எண் இருக்கிறது, இந்த இயந்திரத்தில் 20 என்றால் யார் என்பது மூன்றாவது. முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் சி நூலகத்திடம், அதாவது பெரும்பாலான நிரல்கள் பயன்படுத்தும் அடிப்படைச் செயற்கூறுகளின் தொகுப்பிடம், கேட்க வேண்டும், இரண்டாவதுக்கு இயங்குதளத்தின் கருவான கெர்னலிடம் கேட்க வேண்டும். எது என்று முடிவு செய்யாமலே எழுதிய நிரல், உள்ளே வர வேண்டியவரை வெளியே நிறுத்தும், சில நேரம் வெளியே நிற்க வேண்டியவரை உள்ளே விட்டுவிடும். அனுமதி சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் இதில் நான் பிடிவாதமாகவே இருக்கிறேன்.

முதலில் அந்தக் கோப்பையே பார்ப்போம். ஒரு வரிக்கு நான்கு பகுதிகள்: குழுவின் பெயர், கடவுச்சொல்லுக்கான இடம், ஜிஐடி எனப்படும் குழு எண், காற்புள்ளி போட்டுப் பிரித்த உறுப்பினர் பெயர்கள். கடவுச்சொல் இடத்தில் பெரும்பாலும் வெறும் எக்ஸ் இருக்கும். பார்க்க எளிமையாக இருப்பதால்தான் எல்லோருக்கும் கையாலேயே படித்துவிடத் தோன்றுகிறது. ஆனால் ஒவ்வொரு பயனருக்கும் முதன்மைக் குழு என்று ஒன்று உண்டு, அந்த உறவு இந்தக் கோப்பில் எழுதப்பட வேண்டிய அவசியமே இல்லை. அது பாஸ்வேர்ட் கோப்பில், அந்தப் பயனருடைய வரியின் நான்காவது பகுதியில், வெறும் எண்ணாக இருக்கும். ஒரு பள்ளியில் ஆசிரியர்கள் அனைவருக்கும் முதன்மைக் குழு ஆசிரியர் குழு என்று வைத்தால், குரூப் கோப்பில் அந்தக் குழுவின் கடைசிப் பகுதி காலியாகக் கிடக்கும். நம் நிரல் அதைப் படித்துவிட்டு ஆசிரியர் என்று ஒருவரும் இல்லை என்று சொல்லும். பைத்தானில் ஜிஆர்பி தொகுதியை வைத்து எல்லாக் குழுக்களையும் எடுத்து, உறுப்பினர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று ஒரு வரியில் எழுதும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அதிலும் இதே ஓட்டை அப்படியே இருக்கிறது.

இது ஏன் இப்படி இரண்டு இடத்தில் சிதறிக் கிடக்கிறது என்றால், பழைய யூனிக்ஸில் ஒரு நேரத்தில் ஒருவர் ஒரு குழுவில்தான் இருக்க முடியும். உள்ளே நுழையும்போது பாஸ்வேர்ட் கோப்பில் இருக்கும் குழு கிடைக்கும், வேறு குழுவுக்கு மாற வேண்டுமென்றால் நியூகுரூப் என்ற கட்டளை. குரூப் கோப்பில் இருந்த பட்டியல் யாரெல்லாம் அப்படி மாறிக்கொள்ளலாம் என்பதற்கான பட்டியல். முதன்மைக் குழுவுக்கு மாற வேண்டியதே இல்லை, அதனால் அங்கே பெயர் எழுத வேண்டியதும் இல்லை. 1983-ல் வந்த 4.2 பிஎஸ்டிதான் ஒரே நேரத்தில் பல குழுக்களில் இருக்கலாம் என்ற வசதியைக் கொண்டுவந்தது. கோப்பின் வடிவம் மட்டும் பழையபடியே நின்றுவிட்டது. இந்தக் கதை தெரிந்த பிறகு அந்தக் காலிப் பகுதி எனக்கு விசித்திரமாகவே தெரிவதில்லை.

சரி, இரண்டு கோப்புகளையும் சேர்த்துப் படித்துவிட்டால் போதுமா? போதாது. அதே ஈடிசி அடைவில் என்எஸ்ஸ்விட்ச் என்று ஒரு அமைப்புக் கோப்பு இருக்கிறது. பயனர், குழு, கணினிப் பெயர் போன்ற விவரங்களை எங்கெங்கே, எந்த வரிசையில் தேட வேண்டும் என்பதை அது சொல்கிறது. சோலாரிஸ் 2-ல் இருந்த யோசனையைக் குனு சி நூலகமும் எடுத்துக்கொண்டது, என்எஸ்எஸ் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். குரூப் என்று தொடங்கும் வரியில் ஃபைல்ஸ் என்று மட்டும் இருந்தால் கோப்பு மட்டும்தான். அதற்குப் பின்னால் எஸ்எஸ்எஸ் என்றோ எல்டாப் என்றோ இருந்தால், கோப்பில் கிடைக்காதது வலையமைப்பில் இருக்கும் மையப் பதிவேட்டிடம் கேட்கப்படும். நான் வேலை பார்ப்பது கோயம்புத்தூரில். அங்கே கொஞ்சம் பெரிய அலுவலகம் எதுவானாலும் பயனர் பட்டியல் இப்படி மையத்தில்தான் இருக்கும், ஒவ்வொரு இயந்திரத்திலும் இருக்கும் குரூப் கோப்பில் ரூட், டீமன் மாதிரி இயங்குதளத்தின் சொந்தக் குழுக்களைத் தவிர மனிதர்கள் யாரும் இருக்க மாட்டார்கள்.

ஆகவே கிரெப் போட்டுக் கோப்பைத் தேடும் பழக்கத்தை விட்டுவிட்டு கெட்என்ட் என்ற கட்டளையைப் பழகிக்கொள்ளுங்கள் என்று புதிதாக வருகிறவர்களிடம் சொல்வேன். கெட்என்ட், அடுத்து குரூப், அடுத்து குழுவின் பெயர். அது சி நூலகத்தின் வழியாக, நிரல்கள் கேட்கும் அதே பாதையில் கேட்கிறது. ஒரு சின்ன எச்சரிக்கை மட்டும் உண்டு. குழுவின் பெயரைச் சொல்லாமல் எல்லாவற்றையும் காட்டு என்று கேட்டால் மையப் பதிவேட்டில் இருப்பவை வராமல் போகலாம். எஸ்எஸ்எஸ்டி என்ற சேவை, முழுப் பட்டியலையும் வரிசையாகக் கொடுக்கும் வேலையை இயல்பாகவே நிறுத்தி வைத்திருக்கிறது, ஆயிரக்கணக்கான பயனர்கள் இருக்கும் இடத்தில் ஒவ்வொருவரும் அப்படிக் கேட்டால் சர்வர் திணறிவிடும் என்பதால். பெயர் சொல்லிக் கேட்டால் பதில் வரும், எல்லாவற்றையும் கொடு என்றால் வராது. கெட்ஜிஆர்என்ட் என்ற செயற்கூறை வைத்துக் குழு குழுவாக நடந்துபோய்த் தேடும் நிரல்கள் இங்கேதான் சத்தமில்லாமல் தவறான பதில் தருகின்றன. பிழைச் செய்தி எதுவும் வராது, பட்டியல் குட்டையாக இருக்கும், அவ்வளவுதான்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன், இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

என் ஊர் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் வழியாக எல்லையைத் தாண்டினால் வந்துவிடும். ரேஷன் கார்டு கேரளத்துடையது, வீட்டிலும் கடைத்தெருவிலும் பேச்சு தமிழ், பஸ் பலகை மலையாளத்தில். இந்தப் பக்கத்தில் தமிழ் வழிப் பள்ளிகள் இன்றும் நடக்கின்றன, அவற்றின் கணினி அறைகளில் ஓடுவது கட்டற்ற மென்பொருள். 2001-ல் ஐடி அட் ஸ்கூல் என்று தொடங்கி 2017-ல் கைட் நிறுவனமாக மாறிய அரசுத் திட்டம், உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட ஒரு குனு லினக்ஸைப் பள்ளிகளுக்குக் கொடுத்துவருகிறது. 2018-ல் லிட்டில் கைட்ஸ் என்று மாணவர் மன்றங்களும் வந்தன. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஆர்டுயினோ என்ற சிறிய மின்னணுப் பலகையில் விளக்கை எரிய வைக்கிறார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் நான் படித்த காலத்தில் இதெல்லாம் நினைத்துப் பார்க்க முடியாத விஷயம், அதனால் நேரம் கிடைக்கும் சனிக்கிழமைகளில் அப்படி ஒரு பள்ளிக்குப் போய் உதவுவதில் எனக்கு நிறைய சந்தோஷம்.

ஆர்டுயினோவை யூஎஸ்பியில் செருகினால் உபுண்டுவில் அது ஒரு சீரியல் சாதனக் கோப்பாகத் தெரியும், அந்தக் கோப்பு டயல்அவுட் என்ற குழுவுக்குச் சொந்தம். தொலைபேசி மோடம் காலத்துப் பெயர். பிள்ளைகளின் பயனர் கணக்கு அந்தக் குழுவில் இல்லாவிட்டால் அனுமதி மறுக்கப்படும். சேர்த்துவிட்டால் சரியாகிவிட வேண்டும். ஒரு மாணவி வந்து நின்றாள்.

"சார், என்னை டயல்அவுட்ல சேத்துட்டீங்க இல்ல? ஐடி அடிச்சுப் பாத்தேன், குரூப் பேரும் வருது. ஆனா போர்டு மட்டும் திறக்கவே மாட்டேங்குது."

"ஐடின்னு மட்டும் அடிச்சியா, பின்னாடி உன் யூசர் பேரையும் போட்டியாம்மா?"

"பேரோடதான் சார்."

"பேர் போடாம ஒருதரம் அடி."

பெயர் போடாமல் அடித்தபோது டயல்அவுட் வரவில்லை. ஒரே கட்டளை, ஒரே ஆள், இரண்டு பதில். அவள் என்னைப் பார்த்தாள், "எது சார் நெசம்?" என்றாள்.

இரண்டும் நிஜம்தான். ஐடி கட்டளைக்குப் பெயர் கொடுத்தால் அது பதிவேட்டைப் பார்த்துச் சொல்கிறது. பெயர் கொடுக்காவிட்டால் கெட்குரூப்ஸ் என்ற அழைப்பின் மூலம் கெர்னலிடம், இப்போது என்னிடம் என்னென்ன குழுக்கள் இருக்கின்றன என்று கேட்கிறது. ஒருவர் உள்நுழையும்போது, எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனரின் உரிமையோடு ஓடும் உள்நுழைவு நிரல் இனிட்குரூப்ஸ் என்ற செயற்கூறை அழைக்கிறது. அது பதிவேடுகளிலிருந்து குழு எண்களைத் திரட்டிக் கெர்னலிடம் ஒப்படைக்கிறது. அதற்குப் பிறகு அந்த அமர்வில் பிறக்கும் ஒவ்வொரு செயல்முறையும் தாயிடமிருந்து அந்த எண்களை அப்படியே வாங்கிக்கொள்கிறது. கெர்னல் மறுபடி குரூப் கோப்பைப் பார்ப்பதே இல்லை, அப்படி ஒரு கோப்பு இருப்பதே அதற்குத் தெரியாது. கொரோனா ஊரடங்கின்போது, 2020 மே மாதம், தமிழ்நாடு கேரள எல்லையில் வாளையாறு சாவடியில் பாஸோடு நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: அங்கே பார்த்தது கையில் இருந்த பாஸில் என்ன எழுதியிருக்கிறது என்பதை, கிளம்பிய பிறகு விண்ணப்பத்தில் எதைத் திருத்தினாலும் கையில் இருக்கும் பாஸில் அது ஏறாது. வெளியேறி மறுபடி உள்நுழைந்தால் புதிய பட்டியல் கிடைக்கும். சில சமயம் அதுவும் போதாது, ஏனென்றால் இன்றைய டெஸ்க்டாப்புகளில் டெர்மினல் போன்றவற்றைத் தொடங்கிவைப்பது சிஸ்டம்டியின் பயனர் மேலாளர், அதே பயனரின் வேறு அமர்வு ஏதாவது மிச்சம் இருந்தால் அந்த மேலாளர் பழைய குழுக்களோடு உயிரோடு இருப்பார். பள்ளியில் நான் கணினியை மறுதொடக்கம் செய்யச் சொல்லிவிடுவேன்.

சேர்ப்பதில் வரும் தொல்லை சிறியது. நீக்குவதில் வருவது பெரியது. ஒருவரைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டோம், பதிவேட்டில் பெயர் இல்லை, கெட்என்ட் சுத்தமாகக் காட்டுகிறது. ஆனால் அவர் முந்தின நாள் தொடங்கிவைத்த செயல்முறை சர்வரில் ஓடிக்கொண்டிருந்தால் பழைய குழு எண் அதனிடம் இன்னும் இருக்கிறது, கோப்புகளைத் திறக்கவும் திறக்கும். அனுமதியைப் பறிப்பது என்றால் பதிவேட்டில் அழிப்பதோடு ஓடும் செயல்முறைகளையும் நிறுத்த வேண்டும். ஓடும் செயல்முறை ஒன்றின் நிலையைப் பார்க்க, புரோக் அடைவில் அதன் எண்ணுக்குள் ஸ்டேட்டஸ் என்ற கோப்பில் குரூப்ஸ் என்று ஒரு வரி இருக்கிறது. அதைப் படிக்கும் பழக்கம் நிர்வாகிகள் எல்லோருக்கும் வர வேண்டும் என்பது என் ஆசை. இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: யூசர்மாட் கட்டளையில் பெரிய ஜியை மட்டும் போட்டால் இருந்த கூடுதல் குழுக்கள் எல்லாம் போய்விடும், கொடுத்தது மட்டும் நிற்கும். கூடவே சிறிய ஏ வேண்டும்.

இனி நிரல் எழுதுகிறவர்களுக்கு. சி மொழியில் பெயரை வைத்துக் குழுவைத் தேட கெட்ஜிஆர்நாம், எண்ணை வைத்துத் தேட கெட்ஜிஆர்ஜிஐடி. இரண்டும் ஒரு கட்டமைப்புக்கான சுட்டியைத் திருப்பித் தரும், அதில் பெயர், எண், உறுப்பினர் பட்டியல் இருக்கும். அந்த நினைவகம் நூலகத்துக்குச் சொந்தமானது, நீங்கள் விடுவிக்கக் கூடாது. அடுத்த அழைப்பு வந்தால் முந்தினது மேலெழுதப்படலாம். இரண்டு குழுக்களை ஒப்பிட நினைத்து இரண்டு சுட்டிகளை எடுத்து வைத்துக்கொண்டால், இரண்டும் ஒரே குழுவைக் காட்டிக்கொண்டு நிற்கும், இரண்டும் சமம் என்று நிரல் முடிவு செய்யும். அனுமதி பார்க்கும் இடத்தில் இப்படி நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பல இழைகள் ஓடும் நிரலில் இன்னும் மோசம், ஒரு இழை படித்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு இழை அதை மாற்றிவிடும்.

அதனால் பெயரின் கடைசியில் அடிக்கோடு ஆர் சேர்ந்த வடிவங்களைப் பயன்படுத்த வேண்டும். அவற்றுக்கு நினைவக இடத்தை நாம் கொடுக்க வேண்டும். எவ்வளவு? சிஸ்கான்ஃப் என்பதைக் கேட்டால் ஒரு எண் சொல்லும், குனு நூலகத்தில் அது 1024. இது உச்ச அளவு என்று நினைத்து அதோடு நிறுத்திக்கொள்கிற நிரல்கள் நிறைய இருக்கின்றன, உண்மையில் இது தொடங்குவதற்கான குறிப்பு மட்டுமே. சில இயந்திரங்களில் அந்தக் கேள்விக்கு மைனஸ் 1 கூடப் பதிலாக வரலாம். ஆயிரம் மாணவர்கள் இருக்கும் ஒரு கல்லூரிக் குழுவின் உறுப்பினர் பெயர்கள் 1024 பைட்டில் எப்படி அடங்கும்? இடம் போதாவிட்டால் ஈரேஞ்ச் என்ற பிழை எண் வரும், அப்போது இடத்தை இரட்டிப்பாக்கி மறுபடி கேட்க வேண்டும், அது தீரும் வரை. ஒரு வரம்பும் வைத்துக்கொள்ளலாம், தவறில்லை. ஆனால் ஈரேஞ்ச் வந்ததும் குழு இல்லை என்று முடிவெடுப்பதை ஒருபோதும் ஏற்க மாட்டேன்.

இதிலேயே மிகவும் கவனம் வேண்டிய இடம், இல்லை என்பதையும் தெரியவில்லை என்பதையும் பிரித்துப் பார்ப்பது. அடிக்கோடு ஆர் வடிவத்தில் திருப்பி வரும் எண் 0, ஆனால் கட்டமைப்பின் சுட்டி வெறுமை என்றால், தேடினோம், அப்படி ஒரு குழு இல்லை. எண் 0 இல்லாமல் வேறு ஏதாவது என்றால் தேடவே முடியவில்லை: எல்டாப் சர்வர் விழுந்திருக்கலாம், கோப்புகள் திறக்கும் வரம்பு தீர்ந்திருக்கலாம். பழைய வடிவத்தில் இரண்டுக்குமே வெறுமைச் சுட்டிதான் வரும், அழைப்பதற்கு முன், பிழை எண் வைக்கப்படும் எர்நோவை 0 ஆக்கி வைத்து, பிறகு அதைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். அதிலும் நடைமுறை ஒரே மாதிரி இல்லை, குழு இல்லை என்ற சாதாரண நிலைக்கே வேறு வேறு இயங்குதளங்கள் வேறு வேறு பிழை எண்களை வைக்கின்றன என்று கையேட்டுப் பக்கமே சொல்கிறது. இதை ஏன் இவ்வளவு இழுக்கிறேன் என்றால், தடை செய்யப்பட்டவர்கள் என்று ஒரு குழு வைத்து, அதில் இருப்பவர்களை உள்ளே விடாதே என்று எழுதிய நிரலை எடுத்துக்கொள்ளுங்கள். சர்வர் விழுந்த நேரத்தில் அந்தக் குழுவைத் தேட முடியவில்லை. தேட முடியாததை இல்லை என்று எடுத்துக்கொண்டால் தடையில் இருப்பவர் எல்லோரும் உள்ளே வந்துவிடுவார்கள். தெரியவில்லை என்றால் கதவு மூடியே இருக்க வேண்டும், பதிவில் ஒரு வரி எழுதிவிட்டு.

ஒரு பயனரின் எல்லாக் குழுக்களும் வேண்டுமென்றால் அதற்கென்றே கெட்குரூப்லிஸ்ட் இருக்கிறது. பயனர் பெயரையும் அவருடைய முதன்மைக் குழு எண்ணையும் கொடுக்க வேண்டும், எண்களின் பட்டியல் வரும், முதன்மைக் குழுவும் அதில் சேர்ந்தே வரும். எல்டாப் போன்ற இடங்களில் ஒவ்வொரு குழுவாகத் திறந்து பார்க்காமல், இந்தப் பயனரின் குழுக்கள் எவை என்று நேராகக் கேட்டுவிட அதனால் முடியும். பட்டியலுக்கு நாம் கொடுத்த இடம் குறைவாக இருந்தால் மைனஸ் 1 வரும், எத்தனை தேவை என்பதையும் குனு நூலகம் எழுதிக் கொடுக்கும், அந்த அளவில் மறுபடி அழைக்கலாம். குனு நூலகத்தின் 2.3.3-க்கு முந்தைய பதிப்புகளில் இந்தச் செயற்கூறு கொடுத்த இடத்தைத் தாண்டியும் எழுதிவிடும் என்ற கோளாறு இருந்தது, கையேட்டில் இன்றும் பதிந்திருக்கிறது. இது யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்குப் பொதுவான பாசிக்ஸ் தரத்தில் சேராத செயற்கூறு என்பதால் மேக்கில் எண்களின் வகையே கொஞ்சம் மாறுகிறது, அங்கே சாதாரண முழு எண்ணாகக் கேட்கும், தொகுப்பி எச்சரிக்கும்.

இங்கே பலர் 16 அல்லது 32 என்று ஒரு நிலையான அணியை வைத்துவிடுகிறார்கள். லினக்ஸ் கெர்னலில் 32 என்பது உண்மையாகவே ஒரு காலத்தில் வரம்பாக இருந்தது. 2004-ல் வந்த 2.6.4 அதை 65,536 ஆக்கியது. 16 என்பது இன்னும் ஒரு இடத்தில் உயிரோடு இருக்கிறது, அது என்எஃப்எஸ். வலையமைப்பு வழியாகக் கோப்புகளைப் பகிரும்போது பழைய வகை அடையாளச் சீட்டில் அதிகபட்சம் 16 கூடுதல் குழு எண்கள்தான் செல்ல முடியும், நெறிமுறையிலேயே அப்படி வரையறுத்திருக்கிறார்கள். பதினேழாவது குழுவின் அடைவை ஒருவர் திறக்கப் போனால், தன் கணினியில் ஐடி அடித்தால் அந்தக் குழு தெரியும், சர்வரோ மறுக்கும். தலையைப் பிய்த்துக்கொள்ள வைக்கும் கோளாறு. சர்வர் பக்கத்தில் மவுண்ட்டி சேவைக்கு மேனேஜ் ஜிஐடிஸ் என்ற விருப்பத்தைக் கொடுத்தால், அது வந்த பட்டியலை ஒதுக்கிவிட்டுத் தானே பயனரின் குழுக்களைத் தேடிக்கொள்ளும். அதாவது கெட்குரூப்லிஸ்ட் செய்யும் அதே வேலை அங்கே போய் நடக்கிறது.

மூன்றாவது கேள்வி, எண்ணும் பெயரும். கோப்பில் எழுதப்படுவது எண் மட்டும். டெபியனிலும் உபுண்டுவிலும் 20 என்பது டயல்அவுட். மேக்கில் 20 என்பது ஸ்டாஃப், சாதாரணப் பயனர்கள் எல்லோருடைய முதன்மைக் குழு. மேக்கில் உருவாக்கிய கோப்புகளை அப்படியே ஒரு டெபியன் கண்டெய்னருக்குள், அதாவது ஒரே கணினியில் தனியாகப் பிரித்து ஓட்டும் சூழலுக்குள், கொண்டுவந்து பட்டியலிட்டால், எல்லாம் டயல்அவுட்டுக்குச் சொந்தம் என்று வரும், மோடமுக்கும் நம் வேலைக்கும் என்ன சம்பந்தம் என்று புதியவர்கள் குழம்புவார்கள். ஃபெடோராவில் 10 என்பது வீல், நிர்வாக உரிமை உள்ளவர்களின் குழு, டெபியனில் அதே 10 யூயூசிபி என்ற பழைய கோப்புப் பரிமாற்றச் சேவையின் குழு. எனவே ஒரு இயந்திரத்தில் எடுத்த எண்ணை அமைப்புக் கோப்பில் எழுதி இன்னொன்றுக்குக் கொண்டுபோவது சரியில்லை. பெயரைக் கொண்டுபோய் அங்கே எண்ணாக மாற்றிக்கொள்ள வேண்டும். கண்டெய்னர்களில் எதிர்ப்பக்கமும் நடக்கும்: எண் இருக்கும், பெயரே இருக்காது. கெட்ஜிஆர்ஜிஐடி வெறுமையைத் தரும், சுட்டியைச் சரிபார்க்காத நிரல் அங்கேயே செத்துவிழும். பெயர் கிடைக்காவிட்டால் எண்ணையே அச்சிடுவது போதும், எல்எஸ் கட்டளை அதைத்தான் செய்கிறது.

கண்டெய்னர் பேச்சு வந்ததால் இதையும் சொல்ல வேண்டும். ஆல்பைன் லினக்ஸில் இருப்பது குனு நூலகம் இல்லை, மசல் என்ற சிறிய நூலகம், அதில் என்எஸ்எஸ் கிடையாது. கோ மொழியில், சி நூலகத்தோடு இணைக்கும் சிகோவை அணைத்துக் கட்டிய நிரலும் குரூப் கோப்பை நேராகப் படிக்கும். ஒரே மூல நிரல், ஒரு கட்டுமானத்தில் எல்டாப் குழுக்கள் தெரியும், இன்னொன்றில் தெரியாது. குனு நூலகத்தை நிரலுக்குள்ளேயே நிலையாக இணைத்தால், இந்தச் செயற்கூறுகளுக்கு ஓடும் நேரத்தில் பகிர்வு நூலகம் தேவை என்று இணைப்பி எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம், அதைப் படித்து நிற்க வேண்டும் என்பது என் கருத்து.

ரூட் உரிமையோடு தொடங்கிச் சாதாரணப் பயனராக இறங்கும் நிரலில் வரிசை முக்கியம். முதலில் இனிட்குரூப்ஸ், அடுத்து செட்ஜிஐடி, கடைசியில் செட்யூஐடி. யூஐடி எனப்படும் பயனர் எண்ணை முதலில் மாற்றிவிட்டால் குழுக்களை மாற்றும் உரிமை போய்விடும், ரூட்டின் கூடுதல் குழுக்கள் ஒட்டிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு அழைப்பின் விடையையும் பார்க்க வேண்டும், ஒன்று தோற்றாலும் நிரல் அங்கேயே நின்றுவிட வேண்டும். குழுவை விட்டுவிடுவதால் உரிமை குறையத்தான் செய்யும் என்று நினைப்பதும் சரியில்லை. ஒரு கோப்பில் மற்றவர்கள் படிக்கலாம், இந்தக் குழு மட்டும் படிக்கக் கூடாது என்று அனுமதி வைக்க முடியும். அந்தக் குழுவில் இருப்பவர் அதைக் கழற்றிப் போட்டுவிட்டால் மற்றவராகிவிடுவார், படித்துவிடுவார். பயனர் எண்களையும் குழு எண்களையும் தனியாகப் பிரித்து வைத்துக்கொள்ளும் வசதியான லினக்ஸின் பயனர் பெயர்வெளிகளில் சாதாரணப் பயனரே இப்படிக் கழற்றிப்போட வழி இருந்தது 2014-ல் வெளிச்சத்துக்கு வந்தது. 3.19 கெர்னலில் புரோக் அடைவுக்குள் செட்குரூப்ஸ் என்ற கோப்பைச் சேர்த்து, அதில் டினை என்று எழுதிய பிறகே உரிமையற்றவர் குழு எண் பொருத்தத்தை எழுதலாம் என்று ஆக்கி அடைத்தார்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு, கோப்பைத் திறக்கலாமா என்பதை முடிவு செய்ய உங்கள் நிரல் குழுக்களைத் தேடவே வேண்டாம் என்பதுதான் என் உறுதியான கருத்து. கோப்பைத் திறந்து பாருங்கள், கெர்னல் சொல்லட்டும். ஏசிஎல் என்று தனிப்பட்ட அனுமதிப் பட்டியல்கள் இருக்கலாம், ரூட்டின் அதிகாரத்தைத் துண்டு துண்டாகக் கொடுக்கும் கேப்பபிலிட்டி இருக்கலாம், எஸ்இலினக்ஸ் என்ற கூடுதல் பாதுகாப்பு அமைப்பின் விதி இருக்கலாம், கோப்பு முறையே படிக்க மட்டும் என்று ஏற்றப்பட்டிருக்கலாம். குழுவையும் மூன்று எண் அனுமதியையும் வைத்து நாம் போடும் கணக்கு இதையெல்லாம் பார்ப்பதில்லை. முன்கூட்டிக் கணக்குப் போட்டுவிட்டு அப்புறம் திறந்தால், இடைப்பட்ட நேரத்தில் யாராவது கோப்பை மாற்றிவிடவும் முடியும். குழுக்களைத் தேடுவது உங்கள் நிரலின் சொந்த விதிகளுக்காக இருக்கட்டும்: இந்த நிர்வாகப் பக்கத்தை யார் பார்க்கலாம், இந்த அறிக்கையை யார் எடுக்கலாம் என்ற மாதிரி கெர்னலுக்குத் தெரியாத விஷயங்களுக்கு.

அப்படி எழுதும்போது இடைச்சேமிப்பையும் கணக்கில் வையுங்கள். எஸ்எஸ்எஸ்டி ஒரு பதிலை இயல்பாக 5400 வினாடி, அதாவது ஒன்றரை மணி நேரம் வைத்திருக்கும். என்எஸ்சிடி என்ற இடைச்சேமிப்புச் சேவை ஓடினால் குழுப் பதிவுகளுக்கு வழக்கமான அமைப்பில் 3600 வினாடி, இல்லை என்ற பதிலுக்கு 60 வினாடி. நூலகத்துக்குப் பின்னாலேயே இப்படிச் சேமிப்பு இருக்கும்போது உங்கள் நிரலுக்குள் இன்னொரு சேமிப்பு வைத்தால், ஒருவரை நீக்கிய செய்தி வந்து சேர இன்னும் தாமதமாகும். நான் எழுதும் சேவைகளில் தனிச் சேமிப்பு வைப்பதில்லை, ஒவ்வொரு முறையும் நூலகத்தைக் கேட்டுவிடுகிறேன், வேகத்தில் தொல்லை வந்ததில்லை.

சோதிக்கும்போது சாதாரணமான பயனர் ஒருவரை மட்டும் வைத்துப் பார்த்தால் மேலே சொன்ன எதுவும் பிடிபடாது. முதன்மைக் குழு மட்டும் உள்ள ஒருவர், நாற்பது குழுக்களில் இருக்கும் ஒருவர், பெயரில்லாத குழு எண்ணோடு ஓடும் கண்டெய்னர், நூற்றுக்கணக்கான உறுப்பினர்கள் உள்ள ஒரு குழு, கடைசியாக எல்டாப் சர்வரின் வலைக் கம்பியைப் பிடுங்கிவிட்டு ஒரு ஓட்டம். பள்ளியின் பிள்ளைகளுக்கு எல்டாப் கிடையாது, அவர்களுக்கு நான் கொடுத்திருக்கும் வேலை சின்னது: குரூப் கோப்பைத் திறக்காமல், ஜிஆர்பி தொகுதியையும் ஓஎஸ் தொகுதியின் கெட்குரூப்லிஸ்டையும் கெட்குரூப்ஸையும் வைத்து, பதிவேட்டில் இருந்தும் கையில் வராத குழு எது என்று சொல்லும் ஒரு பைத்தான் நிரல். அன்றைக்குக் கேள்வி கேட்ட அந்த மாணவிதான் முதலில் முடித்தாள். வராத குழு இருந்தால் "வெளியேறி மறுபடி உள்ளே வாங்க" என்று தமிழில் ஒரு வரி அச்சாகும்படியும் சேர்த்திருந்தாள், அது இப்போது அந்த அறையின் எல்லாக் கணினிகளிலும் இருக்கிறது.